பொறியியற் கல்வியும் சமூகக் கடப்பாடும்: பேர்டியூ அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பொறியியலாளர் எவ்வாறு பயிற்றப்பட்டனர், யாருடைய தேவைக்காகப் பயிற்றப்பட்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995 இல் தொடங்கப்பட்ட சமூகசேவைப் பொறியியற் செயற்றிட்டத்தை இவ்வினாக்களின் ஒளியில் ஆராய முற்படுகின்றோம்.

இதன் பின்னணியை 1862 ஆம் ஆண்டின் மொறில் சட்டத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். உழைக்கும் வகுப்பினருக்கு வேளாண்மையும் இயந்திரக் கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவுதற்பொருட்டு, காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. 1869 இல் நிறுவப்பட்ட பேர்டியூ இவ்வழி வந்ததே. ஆயின், அந்நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. மக்கட் கல்வி என்னும் இலட்சியம் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கல்வியின் போக்கு மாறியது. 1955 இல் வெளியான கிறின்ரர் அறிக்கை, கணிதத்துக்கும் அடிப்படை அறிவியலுக்கும் முதன்மை தருமாறு வேண்டியது. பட்டறைப் பயிற்சி சுருங்கியது. சமன்பாடுகளைத் தீர்ப்பதில் வல்லவராயினும், தாம் வடிவமைக்கும் பொருளைப் பயன்படுத்துவோரை ஒருபோதும் சந்தித்திராத பட்டதாரிகள் உருவாகினர்.

இந்நிலையிலேதான் எட்வேட் கொயில், லியா ஜேமிசன் முதலிய மின்பொறியியற் பேராசிரியர்கள் புதிய முயற்சியொன்றில் இறங்கினர். முதலாண்டிற் பங்குபற்றியோர் ஐந்து குழுக்களைச் சேர்ந்த 40 மாணவரே. ஒவ்வொரு குழுவும் இலாபநோக்கற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்றுடன் இணைக்கப்பட்டது. உடற்குறைபாடுடைய சிறுவர் தாமே இயக்கத்தக்க விளையாட்டுப் பொருள்களை ஒரு குழு வடிவமைத்தது. வீடற்றோருக்கு உதவும் நிறுவனங்கள், அவர்தம் அந்தரங்கம் கெடாவண்ணம் தகவல்களைப் பரிமாறுதற்கான கணினி முறையை இன்னொரு குழு உருவாக்கியது.

இங்கு எழுந்த சிக்கல் காலம் பற்றியது. மாணவரின் தவணை சில மாதங்களில் முடிந்துவிடும்; சிறுவர் நிலையத்தின் தேவையோ முடிவதில்லை. புள்ளி பெற்றதும் கைவிடப்படும் கருவி, உதவியன்று, சுமையே. இதற்கு விடையாக, முதலாம் ஆண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை ஒரே குழுவில் அமர்த்தப்பட்டனர். மூத்தோர் விலக இளையோர் பொறுப்பேற்றனர். குழு பல ஆண்டுகள் நிலைத்தது. எம் கருத்தில் இம்முயற்சியின் மெய்யான சாதனை இவ்வமைப்பே. 2005 இல் கொயில், ஜேமிசன், வில்லியம் ஓக்ஸ் ஆகியோருக்கு அமெரிக்கத் தேசியப் பொறியியல் அக்கடமி கோர்டன் பரிசை வழங்கியது.

எனினும், விமர்சனமின்றி இதனை நாம் ஏற்றல் இயலாது. வீடற்றோரைப் பதிவுசெய்யும் முறை எத்துணைச் சிறப்பாயினும் அது வீடாகாது. வறுமையின் காரணங்களை ஆராயாத சேவை, அவ்வறுமையை ஒழுங்குபடுத்தும் கருவியாகவே எஞ்சிவிடக்கூடும். ஆயினும், பிரச்சினை யாதென வரையறுக்கும் உரிமை அதனை அனுபவிப்போருக்கும் உண்டென்பதை மாணவன் வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொள்கின்றான். அவ்வீடு ஏன் இல்லை என்று அவன் அடுத்து வினவுவானாயின், அப்பொழுதே இக்கல்வி முழுமை பெறும்.