இரண்டு அரண்மனைகள், ஒரு வட்டிக் கணக்கு

போன மே மாத லீவில் மதுரைக்குப் போய்த் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு வந்தாள் அண்ணன் மகள். ஆறாவது படிக்கிறாள். ராயபுரம் வந்ததும் என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: “ஏன் சித்தப்பா, நம்மூர்ல அரண்மனையே இல்லையா?”

இருக்கிறது. ஆனால் யாரும் அதை அந்தப் பேரில் கூப்பிடுவதில்லை. எழிலகம் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம். முதலில் புனித ஜார்ஜ் கோட்டை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா தனக்கொரு அரண்மனை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது அந்த மதிலுக்குள்தான். கம்பெனிக்காரர்கள் தலையாட்டினார்கள், பிறகு பின்வாங்கினார்கள். கட்டப்படாத அந்த அரண்மனையின் நினைவாகக் கோட்டைக்குள் ஒரு தெருவுக்கு ‘பேலஸ் தெரு’ என்று பெயர் மட்டும் வந்தது. கோட்டை அருங்காட்சியகம் இருப்பதோ, வணிகர்கள் கூடிப் பேரம் பேச 1790களில் எழுப்பிய கட்டடம். மாடியில் கவர்னர்கள் ஆளுயரப் படங்களில் நிற்கிறார்கள். “இவங்கல்லாம் ராஜாவா?” என்றாள். “இல்ல, வேலைக்கு வந்தவங்க” என்றேன். நம்பவில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து சேப்பாக்கம். கோட்டையில் இடம் கிடைக்காத நவாப் 1768-ல் இங்கே அரண்மனை கட்டினார். கலஸ் மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதிகள். இரண்டுக்கும் நடுவே நிற்கும் கோபுரம் பின்னாளில் ராபர்ட் சிசோம் சேர்த்தது. இன்று கிரிக்கெட் நடக்கும் மைதானமும் ஒருகாலத்தில் அரண்மனை வளாகம்தான். சுற்றிலும் அரசு அலுவலகக் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதால், அண்ணாந்து தேடினால்தான் வளைவுகளும் குவிமாடங்களும் கண்ணில் படும். 2012 ஜனவரியில் கலஸ் மகால் தீப்பிடித்து எரிந்தபோதுதான் பலருக்கும் அது அரண்மனை என்பதே தெரிந்தது. இப்போது புதுப்பித்துவிட்டார்கள். ஹுமாயூன் மகாலில் விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைப்பதாகவும் அரசு அறிவித்திருக்கிறது.

அருங்காட்சியகம் என்றால் வாசலில் ஒரு பலகை இருக்கும். இந்தோ-சாரசெனிக் பாணி, கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர். என் கவலை அந்தப் பலகையைப் பற்றியது. கட்டியவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பெயர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் பொறியாளராக வந்தவர். என் ஜாதிதான், பொறியியல் படித்த ஜாதி. ஆனால் அவர் பெயரெடுத்தது கட்டடத்தால் இல்லை, வட்டியால்.

நவாபுக்கு ஆட்சி கிடைத்ததே கம்பெனிப் படையின் தயவில். படைச்செலவு நவாபின் தலையில் விழுந்தது. கொடுக்கக் காசில்லை. அப்போது கம்பெனி ஊழியர்களே தங்கள் சொந்தக் கணக்கில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். கொழுத்த வட்டி, அடமானமாக, கிராமங்களிலிருந்து வரவேண்டிய நிலவரி. அந்தக் கடன்காரர்களில் முதல்வரிசை ஆள் பென்ஃபீல்டு. வயலில் நெல் விளைந்ததோ இல்லையோ, வரி மட்டும் பிடுங்கப்பட்டது. 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றி, பென்ஃபீல்டைக் கிழித்துத் தொங்கப்போட்டார். கடன் மட்டும் நின்றது. 1801-ல் ஆட்சி முழுதும் கம்பெனி கைக்குப் போனது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும், வருவாயில் ஒரு பங்கும், இந்த அரண்மனையும். 1855-ல் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். பட்டம் பறிபோனது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே எடுத்துக்கொண்டது.

இங்கேதான் எங்கள் ஊர் கதைக்குள் வருகிறது.

அடுத்த வருடம், 1856 ஜூன் 28. கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். எங்கே போனது தெரியுமா? சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஆற்காட்டுக்குப் பக்கத்தில், வாலாஜா ரோடு வரை. நவாப் போய்ச் சேர்ந்த மறு வருடமே, நவாபின் பெயரைச் சுமந்த ஊருக்கு ரயில். சதி என்று சொல்லவில்லை. தண்டவாளம் போடும் வேலை 1853-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் அதிகாரம் வீடு மாறியதை இதைவிடத் துல்லியமாக யாரும் தேதி குறித்துக் காட்ட முடியாது.

அதனால்தானோ என்னவோ நிலையத்தையும் அரண்மனை மாதிரியே கட்டினார்கள். உயரமான தூண்கள், விசாலமான கூடம். இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. இதற்கும் ஒரு வட்டிக் கணக்கு உண்டு. ரயில்வே கம்பெனியில் பணம் போட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் உறுதி என்று அரசு கையெழுத்துப் போட்டிருந்தது. ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் அது வந்துவிடும். குறைகிற தொகையை இந்திய வருவாயிலிருந்து கொடுப்பார்கள். அந்த வருவாயில் பெரும்பகுதி நிலவரி. ஆக, சேப்பாக்கம் கடனுக்கு வட்டி கட்டிய அதே வயல்காட்டு ஆள்தான் ராயபுரத்துக்கும் கட்டினார். கணக்குப் புத்தகத்தில் தலைப்பு மட்டும் மாறியது.

1873-ல் சென்ட்ரல் வந்தபின் ராயபுரத்தின் மவுசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 2005-ல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். பெரிய முனையமாக்கும் பேச்சு ஒருபக்கம், அருங்காட்சியகமாக்கச் சொல்லும் குரல் இன்னொரு பக்கம் என்று வருடங்கள் போகின்றன. நாங்கள் திரும்பியபோது சாயங்காலம். கும்மிடிப்பூண்டி வண்டியில் கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்தது. கட்டடத்தை ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவள் மட்டும் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். கை எட்டவில்லை. “இது யாரோட அரண்மனை?” என்றாள்.

எங்கள் தாத்தா வாலாஜா பக்கத்துக் கிராமத்திலிருந்து இதே பாதையில் மெட்ராசுக்கு வந்தவர். மழை பொய்த்த ஒரு வருடம் நிலத்தை விட்டுவிட்டு வந்து, ஹார்பரில் மூட்டை தூக்கினார். “ஸ்டேஷனாண்ட தான்டா மொத ராத்திரி படுத்தேன்” என்று அடிக்கடி சொல்வார். அந்தத் தூண்களைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அந்தத் தூண்களுக்கு அவருடைய முப்பாட்டன்களும் வரி கட்டியிருப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் சொல்லவில்லை.

சேப்பாக்கத்திலும் ராயபுரத்திலும் அருங்காட்சியகங்கள் வரட்டும். வாட்களும் படங்களும் இருக்கட்டும். பலகையில் பாணியையும் எழுதட்டும். அதற்குக் கீழே, வட்டி எவ்வளவு, கட்டியது யார் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். பொருள் வேண்டுமென்றால் நான் தருகிறேன். தாத்தா மூட்டையில் குத்தித் தூக்கிய கொக்கி எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.