இயற்கை எரிவாயுவைத் திரவ எரிபொருளாக்கல்: எலக்ட்ரான் கற்றை முறையின் வரலாறு

இயற்கை எரிவாயுவின் மீது விரைவான எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, அதிலுள்ள சிறிய மூலக்கூறுகளைப் பெரியனவாக இணைத்துப் பெட்ரோல் போன்ற திரவமாக்கும் முயற்சி எலக்ட்ரான் கற்றை முறை எனப்படுகிறது. கதிர்வீச்சால் இத்தகைய மாற்றம் நிகழும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிட்டது. ஆயினும் எரிவாயுவிலிருந்து திரவ எரிபொருள் தரும் பெரிய ஆலைகள் வேறு வழியிலேயே இயங்குகின்றன. அதற்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் திரவமாக்க வேண்டும்?

சுசீந்திரத்தில் வீட்டு அடுப்புக்கு வரும் சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. அழுத்தம் கொடுத்தாலே அது திரவமாகிவிடும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் அப்படிப்பட்டதன்று. சுமார் -82 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தாலன்றி, எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. சாதாரண அழுத்தத்தில் -162 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். எனவே குழாய் எட்டாத சிறு கிணறுகளின் வாயுவைக் கொண்டுசெல்வது கடினம். உலகின் பல எண்ணெய் வயல்களில் அது வீணே எரிக்கப்படுகிறது. கிணற்றடியிலேயே அதைத் திரவமாக்கினால் சாதாரண லாரியில் ஏற்றிவிடலாம். இந்த ஆசையே இத்துறை ஆய்வுகளின் தொடக்கம்.

தொடக்ககால ஆய்வுகள்

அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கால்வில் லிண்ட், ரேடான் வெளியிடும் ஆல்பா துகள்களை வாயுக்களின் மீது பாயவிட்டு ஆராய்ந்தார். நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள தோரியமும் ஆல்பா துகள்களை வெளியிடும் தனிமமே. 1926இல் லிண்டும் அவருடைய துணை ஆய்வாளர் பார்டுவெல்லும் வெளியிட்ட முடிவுகளின்படி, மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்தது. எஞ்சியவை இணைந்து ஈத்தேனும் அதைவிடப் பெரிய ஹைட்ரோகார்பன்களும் உருவாயின. அவற்றுள் திரவமும் இருந்தது.

அதே ஆண்டில் வில்லியம் கூலிட்ஜ், மிக மெல்லிய நிக்கல் தகட்டைச் சன்னலாக வைத்து, வெற்றிடக் குழாயிலிருந்து வலிமையான எலக்ட்ரான் கற்றையை வெளியே கொண்டுவந்தார். அக்கற்றை பட்ட அசிட்டிலீன் வாயு மஞ்சள் நிறத் திண்மமாக மாறியது.

மூலக்கூறுக்குள் நடப்பது

விரைந்து வரும் எலக்ட்ரான் மீத்தேனில் மோதும்போது அயனிகளும், ஒரு ஹைட்ரஜனை இழந்த மெத்தில் தனி உறுப்புகளும் தோன்றுகின்றன. இரண்டு மெத்தில் உறுப்புகள் சேர்ந்தால் ஈத்தேன். ஈத்தேனும் அடிபட்டு இணைந்தால் இன்னும் நீண்ட சங்கிலி. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன்கள் சேரும்போது பெட்ரோல் வகைத் திரவம் கிடைக்கும்.

ஆற்றல் கணக்கு

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. கதிர்வீச்சு வேதியியலில், 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு எத்தனை மூலக்கூறுகள் மாறுகின்றன என்பதே அளவுகோல். மீத்தேனுக்கு இது ஏறத்தாழ 7 முதல் 8 வரை. அதாவது ஒரு மூலக்கூறை மாற்றச் சுமார் 13 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. அதே மூலக்கூறை எரித்தால் கிடைப்பதோ சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட்.

மின் கட்டணக் கணக்கில் சொன்னால், 1 கிலோ மீத்தேனை மாற்ற ஏறத்தாழ 22 யூனிட் ஆற்றலைக் கற்றையாகச் செலுத்த வேண்டும். அதை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 15 யூனிட். முடுக்கியில் வீணாகும் மின்சாரம் இதில் சேரவில்லை. விதையைவிட விளைச்சல் குறைவான வயல் போன்றது இது.

அசிட்டிலீனின் கதை வேறு. மீத்தேனில் ஓர் அயனி இணைக்கு இரண்டு மூலக்கூறுகளே மாற, அசிட்டிலீனில் சுமார் இருபது மாறுவதை லிண்ட் கண்டார். ஒரு மோதல் தொடங்கி வைத்த வினை தானே தொடர்ந்து செல்வதே காரணம். மீத்தேனில் சாதாரண வெப்பநிலையில் அத்தகைய தொடர்வினை நிகழ்வதில்லை.

முந்திச் சென்ற முறை

ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் 1920களில் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஸ்ச் இருவரும் வேறொரு வழி கண்டனர். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவையை இரும்பு, கோபால்ட் போன்ற வினையூக்கிகளின் மீது செலுத்தித் திரவ ஹைட்ரோகார்பன்களைப் பெற்றனர். வினையூக்கி தான் செலவாகாமல் மீண்டும் மீண்டும் வேலை செய்யும் என்பதே அதன் வலிமை. முதலில் நிலக்கரிக்குப் பயன்பட்ட இம்முறை, பின்னர் எரிவாயுவுக்கும் வந்தது. மலேசியாவின் பிந்துலு ஆலை 1993இலும், நாள்தோறும் 1,40,000 பீப்பாய்த் திரவப் பொருள்கள் தரும் திறனுடைய கத்தாரின் பேர்ல் ஆலை 2011இலும் உற்பத்தியைத் தொடங்கின.

எலக்ட்ரான் கற்றை ஆய்வு நின்றுவிடவில்லை. மாஸ்கோவின் புரூம்கின் நிறுவன ஆய்வாளர்கள், புரோப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்களையும் சேர்த்துச் சுழலவிட்டு, உருவாகும் திரவத்தை உடனுக்குடன் பிரித்தெடுக்கும் வழியை ஆராய்ந்துள்ளனர். கிளைத்த சங்கிலிகள் மிகுந்த, ஆக்டேன் எண் உயர்ந்த திரவம் கிடைப்பது இதன் சிறப்பு.

தமிழ்நாடும் இந்தியாவும்

தமிழ்நாட்டின் எரிவாயு காவிரிப் படுகையில் கிடைக்கிறது. குத்தாலம், திருமாக்கோட்டை, வழுதூர் ஆகிய மின் நிலையங்கள் எரிவாயுவால் இயங்குபவை. 2017இல் நெடுவாசல் போராட்டம் நடந்தது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளைத் தடுக்கிறது.

எலக்ட்ரான் முடுக்கிகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம் நவி மும்பையில் அவற்றை இயக்குகிறது. மின்கம்பிகளின் பிளாஸ்டிக் உறையை வலுப்படுத்த இக்கற்றை நன்கு பயன்படுகிறது. நீண்ட பிளாஸ்டிக் மூலக்கூறுகளுக்கிடையே ஆங்காங்கே சில முடிச்சுகள் விழுந்தாலே பொருள் முழுதும் உறுதிப்படும். எனவே அங்கே சிறிய செலவில் பெரிய பயன். எரிபொருளிலோ ஒவ்வொரு மூலக்கூறையும் மாற்றியாக வேண்டும்.

1996இல் மூலிகைப் பெட்ரோல் பற்றிய செய்தி தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. புதிய எரிபொருள் பற்றிய எந்தச் செய்தி வந்தாலும் உள்ளே போன ஆற்றல் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று மாணவர் கேட்டுப் பழக வேண்டும். எலக்ட்ரான் கற்றை முறை உண்மையான அறிவியல். இருந்தும் இந்தக் கேள்வியில்தான் அது தடுக்கி நிற்கிறது.