மூட்டுகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எலும்புகள் சேரும் இடம் மூட்டு எனப்படும். அசைவின் அளவைக் கொண்டு மூட்டுகளை மூன்றாகப் பிரிப்பர். மண்டையோட்டுத் தையல்கள் அசையா மூட்டுகள். முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு நடுவே குருத்தெலும்புத் தட்டுகள் அமைந்தவை சிறிதளவே அசையும். கை கால்களில் உள்ள பெரும்பாலான மூட்டுகள் நன்கு அசைபவை. இவற்றில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும்; மூட்டுறைக்குள் சுரக்கும் உயவு நீர் உராய்வைக் குறைக்கும்; தசைநார்கள் எலும்புகளைப் பிணைத்து வைக்கும்.

நன்கு அசையும் மூட்டுகள் ஆறு வகைப்படும். தோளிலும் இடுப்பிலும் உள்ள பந்துக்கிண்ண மூட்டு எல்லாத் திசைகளிலும் சுழலும். முழங்கையின் கீல் மூட்டு ஒரே தளத்தில் மடங்கி நீளும். கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகளுக்கு இடையிலான முளை மூட்டு தலையை இருபுறமும் திருப்புகிறது. மணிக்கட்டில் முண்டணை மூட்டும், கட்டைவிரல் அடியில் சேண மூட்டும், கணுக்காலுக்குக் கீழே பாத எலும்புகளுக்கிடையே வழுக்கு மூட்டுகளும் உள்ளன.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையில், தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்கு மலையேறும்போது இவற்றுள் பல ஒருங்கே இயங்குகின்றன. இடுப்பு மூட்டு தொடையை உயர்த்துகிறது. முழங்கால் மடங்கி நீண்டு உடலை மேலே தள்ளுகிறது. கணுக்கால் பாதத்தைச் சரிவுக்கேற்ப வளைக்கிறது. முழங்கால் கீல் மூட்டைப் போன்றதே. ஆயினும் மடங்கிய நிலையில் சிறிது சுழலவும் செய்யும். படியேறும்போது அதன்மீது உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு விசை விழுகிறது. இறங்கும்போது அது இன்னும் சற்றுக் கூடும். தொடையின் முன்புறத் தசைகள் வலுவாக இருந்தால் இறக்கத்தில் முழங்கால் நிலைதடுமாறாது.