கொலையும் கொலையாகாக் குற்றமும்

தமிழில் கொலை என்பது ஒரு சொல். நாள் குறித்துத் திட்டமிட்டு ஒருவன் மற்றொருவனை மாய்த்தாலும், தேக்காச் சந்தையில் திடீரென மூண்ட சண்டையில் ஒருவனை அடித்து வீழ்த்தினாலும் ஊரார் கொலை என்றே சொல்வர். சட்டமோ இவற்றை இரண்டாக வகுக்கிறது. இவ்வகுப்பு சிங்கைக்கு வந்த வரலாற்றைக் காண்போம்.

மெக்காலே தலைமையில் அமைந்த சட்டக்குழு 1837ஆம் ஆண்டில் இந்தியாவுக்கெனத் தண்டனைச் சட்ட வரைவு ஒன்றை ஆக்கியது. அது 1860இல் சட்டமாயிற்று. நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய ஆட்சியினின்றும் பிரிந்தன. எனினும் அச்சட்டத்தைத் தழுவி 1871இல் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டம் 1872இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. ஆகவே, ஆங்கிலேயரின் ‘மேன்ஸ்லாட்டர்’ என்னும் குற்றப்பெயர் நம் சட்டத்தில் இல்லை. அதனிடத்தில் ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்பதே உண்டு.

299ஆம் பிரிவு மரணம் விளைவிக்கும் குற்றத்தையும், 300ஆம் பிரிவு அதனுள் எது கொலை என்பதையும் கூறுகின்றன. விளைந்த காயம் மரணத்தை உண்டாக்கக் கூடியதா, இயல்பாகவே மரணம் விளையப் போதுமானதா என்னும் நுட்பமான வேற்றுமையும் இதில் அடங்கும். கடுமையான திடீர்ச் சினமூட்டல், முன்திட்டமற்ற திடீர்ச் சண்டை முதலிய விலக்குகளுள் ஒன்று பொருந்தினால் கொலைக்குற்றம் இறங்கிவிடும். ஆனால் சண்டையிலும் கொடூரமாக நடந்தவனுக்கு அவ்விலக்கு இல்லை.

பஞ்சாபில் வயிற்றில் ஈட்டியால் ஒரே குத்து விழுந்த வழக்கில், 1958இல் இந்திய உச்சநீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் ஒரு விளக்கம் தந்தார். கொல்லும் எண்ணம் வேண்டுவதில்லை. அந்தக் காயத்தை உண்டாக்கும் எண்ணமும், அக்காயம் இயல்பாக மரணம் விளைவிக்கப் போதுமானதாயிருத்தலும் போதும் என்றார். சிங்கை நீதிமன்றங்களும் இதனை ஏற்றன. கொலைக்கு மரண தண்டனை ஒன்றே அந்நாளில் விதி. ஆதலின், கொல்ல நினையாதவனும் தூக்குமேடை ஏற நேரிட்டது.

இக்கடுமை 2013ஆம் ஆண்டு தளர்ந்தது. கொல்லும் எண்ணத்துடன் செய்த கொலைக்கு மட்டும் மரண தண்டனை கட்டாயம். ஏனைய வகைக் கொலைகளில் ஆயுள்சிறை விதிக்கவும் நீதிபதிக்கு உரிமையுண்டு. கொலையாகாக் குற்றத்திற்கோ மரண தண்டனையே இல்லை.

எனவே, மாணவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டும் தமிழாசிரியர், தீர்ப்புக்கு முன்பே ஒருவரைக் கொலைகாரர் எனச் சுட்டலாகாது. அவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. எந்தக் குற்றம் என்பதையும் நீதிமன்றமே சொல்லும்.