339-க்கு ஆவணம், 170-க்கு வாய்மொழி: தன்ராஜ் பிள்ளையின் கோல் கணக்கை வாசிக்கும் முறை

ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை இந்தியாவுக்காக ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 339. அடித்த கோல்கள் 170-க்கு மேல். அவரைப் பற்றி எழுதுவோர் இந்த இரண்டு எண்களையும் பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒரே தரத்துச் சான்று என்ற எண்ணம் வாசகர் மனத்தில் படிந்துவிட்டது. ஆனால் அவை பிறந்த இடம் வேறு வேறு. இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு வீரர்கள் அடித்த கோல்களுக்கு அதிகாரபூர்வக் கணக்கு வைத்திருக்கவில்லை. 170 என்பது தன்ராஜே சொன்னது. புள்ளிவிவரம் தொகுப்பவர் ஒருவரும் அதை ஒட்டிச் சொல்லியிருக்கிறார்.

இந்திய ஹாக்கியின் சரிவை எழுதியவர்களில் ஒரு சாரார் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. 170-ஐ 339-ஆல் வகுக்கிறார்கள்; இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று விடை வருகிறது. அதன் பக்கத்தில் அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியா பெற்ற இடங்களை வைக்கிறார்கள்: 1992-இல் ஏழு, 1996-இல் எட்டு, 2000-இலும் 2004-இலும் மறுபடி ஏழு. பார்வையாளரைக் கட்டிப்போட்ட ஆட்டக்காரர்தான், ஆனால் பலன் தராதவர் என்று முடித்துவிடுகிறார்கள். இக்கட்டுரை அந்த முடிவை ஏற்கவில்லை. தன்ராஜ் மீதுள்ள அபிமானம் அதற்குக் காரணமல்ல. வகுத்தலில் மேலே நிற்கும் எண் அந்தச் சுமையைத் தாங்காது என்பதே காரணம்.

முதலில் அந்த எண்ணையே பார்க்கலாம். 339-இன் சரிபாதி 169.5. அதாவது 170 என்பது ஆட்ட எண்ணிக்கையின் பாதியோடு கிட்டத்தட்ட ஒட்டி நிற்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் எண்ணிக் கூட்டிய தொகை இப்படித் தற்செயலாக வந்து விழலாம். விழவே கூடாது என்று சட்டமில்லை. ஆனால் 'ரெண்டு மேட்சுக்கு ஒரு கோல்' என்று மனக்கணக்காகச் சொல்லப்பட்ட மதிப்பீடு பின்னாளில் எண்ணாக உறைந்துபோனாலும் இதே விடைதான் வரும். 'மேல்' என்ற சொல் கூடவே ஒட்டிக்கொண்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. எண்ணி முடித்தவர் 'மேல்' என்று சொல்வதில்லை. இது ஐயம் மட்டுமே, நிரூபணமல்ல. ஆனாலும் இந்த ஐயம் இருக்கும்வரை, அந்தப் பாதியைத் திரும்பக் கண்டுபிடித்துக்கொடுக்கும் வகுத்தலை ஆய்வு என்று அழைப்பது கடினம்.

ஆட்ட எண்ணிக்கை மட்டும் எப்படித் தப்பிப் பிழைத்தது? ஒருவர் நாட்டுக்காக ஆடுகிறார் என்றால் தேர்வுப் பட்டியல், பயண ஏற்பாடு, படிக்காசு என அலுவலகத்தில் காகிதம் சேர்ந்துகொண்டே போகும். கோல் அப்படியல்ல, அது மைதானத்தோடு நின்றுவிடுகிறது. ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டுப் போட்டி போன்றவற்றில் அமைப்பாளர்களே கணக்கு வைத்தார்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அதிக கோல் அடித்தவர் தன்ராஜ் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான். இரு நாட்டுத் தொடர்களிலும் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்களிலும்தான் கணக்கு ஓட்டையாகியிருக்க வேண்டும். கூட்டமைப்பே 2008-இல் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2009-இல் ஹாக்கி இந்தியா என்ற புதிய அமைப்பு வந்தபின், பழைய ஓட்டையை அடைக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இல்லை.

இங்கே ஐஸ் ஹாக்கியின் பக்கம் திரும்புவது பயன் தரும். தன்ராஜ் 1989 டிசம்பரில் டெல்லி ஆசியக் கோப்பையில் அறிமுகமானார். அதே ஆண்டு அக்டோபரில், கனடாவின் டங்கன் ஊரில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான ராபின் பாவா, வாஷிங்டன் அணிக்காக வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் இறங்கினார். இந்திய வம்சாவளியில் அந்த லீக்கில் ஆடிய முதல் ஆள் அவர். பிறகு வான்கூவர், சான் ஹோசே, அனஹைம். நான்கு அணிகளிலும் சேர்த்து 61 ஆட்டங்கள், 6 கோல், 1 உதவி, 60 நிமிடத் தண்டனை. பதினைந்தாண்டு ஓடிய தன்ராஜின் கோல்களை முழுதாக எண்ண ஆளில்லை. பாவா தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்த நிமிடங்கள்கூட ஏட்டில் இருக்கின்றன.

காரணம் அமெரிக்கர்களின் ஒழுங்கு என்று சொல்லிவிடுவது எளிது, போதாது. அங்கே வீரர் ஒப்பந்தத்தில் ஆடுகிறார்; ஓர் அணி அவரை இன்னோர் அணிக்கு மாற்றிக்கொடுக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தின் தொகை அவருடைய எண்களைக் கொண்டே பேசப்படுகிறது. ஆகவே அணி, லீக், வீரரின் முகவர் மூவருக்கும் கணக்கு தேவை. இந்தியாவில் தன்ராஜுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? முதலில் மகிந்திரா நிறுவனம், பின்னர் இந்தியன் ஏர்லைன்ஸ். அது வேலைக்கான சம்பளம். கோலுக்கு இவ்வளவு என்று அதில் எதுவும் இல்லை. அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதை வைத்து யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனவே பெரிய போட்டிகளுக்கு வெளியே யாரும் எண்ணவில்லை. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து: கூலி எதைத் தொட்டதோ அதற்கே ஏடு இருந்தது.

பனியில் ஆடும் ஆட்டத்தையும் புல்லில் ஆடும் ஆட்டத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பிடப்படுவது ஏடுகளே, ஆட்டங்கள் அல்ல. எனவே அந்தக் கேள்வியை இத்தோடு விடலாம்.

ஏட்டின் வடிவம் ஆட்டக்காரரையே மாற்றிக் காட்டும். ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு இரண்டு பேர்வரை உதவி எழுதப்படும். வெய்ன் கிரெட்ஸ்கி அடித்த கோல்கள் 894, செய்த உதவிகள் 1,963. கோலை மட்டும் எண்ணினால், 2025 ஏப்ரலில் அலெக்சாண்டர் ஒவெச்கின் 895-ஆவது கோலை அடித்த அன்றே கிரெட்ஸ்கி இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறார். உதவியையும் சேர்த்தால் அவரை நெருங்க இன்றும் ஆளில்லை. புல்தரை ஹாக்கியின் பழைய ஏடுகளில் உதவிக்குக் கட்டமே கிடையாது. பந்தோடு தற்காப்பைக் கிழித்துக்கொண்டு ஓடி, டி வட்டத்துக்குள் எதிரியின் காலில் பந்து படும்படி செய்து பெனால்டி கார்னர் வாங்கித் தருவதுதான் தன்ராஜின் தொழில். அந்தக் கார்னரை அடிப்பவர் வேறொருவர். கோல் அவர் பெயரில் ஏறும். பாகிஸ்தானின் சொகைல் அப்பாஸ் 311 ஆட்டங்களில் 348 கோல் அடித்தார்; மிகப் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் வந்தவை. அதே வகுத்தலைப் போட்டால் தன்ராஜைவிட அவர் இரண்டு மடங்கு சிறந்தவர் ஆகிவிடுவார். சொகைலின் மேதைமையில் சந்தேகமில்லை. ஆனால் இருவரின் ஆட்டத்தையும் பார்த்த எவரும் இந்த ஒப்பீட்டைத் தொடமாட்டார்.

கோல் கணக்கு தன்ராஜின் மதிப்பைச் சொல்லாது என்பதற்கு வெளிச்சான்று ஒன்று உண்டு. 2002-இல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றது. பதக்கம் இல்லை. ஆனால் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர், 34 வயதான தன்ராஜ். நான்காம் இடம் பிடித்த அணியிலிருந்து அவரைப் பொறுக்கியெடுத்தவர்கள் வேறு எதையோ பார்த்திருக்கிறார்கள்.

1998-இல் பாங்காக்கிலும் அதன் பிறகும் நடந்தது, கூலிக்கும் ஏட்டுக்கும் உள்ள தொடர்பின் வெளிச்சத்தில்தான் புரிகிறது. தன்ராஜின் தலைமையில் இந்தியா 1966-க்குப் பிறகு முதன்முறையாக ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. சில வாரங்களிலேயே அவரும் ஆறு மூத்த வீரர்களும் அணியில் இல்லை. ஓய்வு கொடுத்தோம் என்றது நிர்வாகம். வெளிநாட்டுப் பயணப்படி போதவில்லை, ஆட்டச் சம்பளம் தருவதில்லை, வசதியில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியதற்குப் பழிவாங்கல் என்றே பரவலாகக் கருதப்பட்டது. 'கோபக்காரர்' என்ற பழைய சித்திரத்துக்குள் இதை அடக்குவோர் இருக்கிறார்கள். இது தெளிவாகவே ஒரு கூலிப் பிரச்சினை. ஸ்டுட்கார்ட், லியோன், லண்டன், மலேசியா, டாக்கா எனக் கிளப்புகளுக்குப் போய் ஆடிய ஒருவருக்குத் தன் உழைப்பின் விலை தெரிந்திருந்தது. அவர் கேட்டபடி ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அப்போதே கொடுத்து, அதில் கோலுக்கும் ஒரு தொகை வைத்திருந்தால், இன்று அந்த 170-ஐச் சரிபார்க்க ஒரு கணக்குப் புத்தகமாவது இருந்திருக்கும்.

புனேயின் கடக்கியில், ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில், நாகலிங்கம் பிள்ளைக்கும் ஆண்டாளம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவரைப் பற்றி அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் தென்மேற்கே இருக்கிறது. அதே கரிசல் மண்ணில் கோவில்பட்டி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும், லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியும் அங்கே உண்டு. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரனும், அந்த விடுதியில் பயின்ற அரியலூர் கார்த்தியும் இருந்தார்கள். அவர்களுடைய பன்னாட்டுக் கோல்களுக்கு இப்போது கணினியில் கணக்கிருக்கிறது. அதற்குக் கீழே, பள்ளி, கல்லூரி, மாவட்ட, டோர்னமென்ட் அளவில் நிலைமை பழையபடிதான். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாள் யார் சட்டைப்பையில் போகிறதோ அதோடு சரி.

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி, கோவில்பட்டி வட்டாரங்களில் பழைய போட்டிகளின் ஸ்கோர் தாள்களோ, போட்டி மலர்களோ, செய்தித்தாள் வெட்டுகளோ வீட்டுப் பரணில் வைத்திருப்போர் அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ உடற்கல்வித் துறையிலோ ஒரு நகலாவது கொடுத்துவைக்க வேண்டும். போட்டி நடத்துவோர் ஒவ்வொரு ஆட்டத்தின் தாளிலும் கோல் அடித்தவர் பெயரோடு, அதற்கு முந்தைய பந்தைக் கொடுத்தவர் பெயரையும் பெனால்டி கார்னர் வாங்கியவர் பெயரையும் எழுத இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டுவிட்டால் போதும்.