நாற்பத்தேழு டன்

என் நண்பர் ஒருவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். மற்றவர்கள் மாலை வரைக்கும் மாரடிக்கிற லெட்ஜர் வேலையை மூன்று மணிக்கே முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். இவ்வளவு சாமர்த்தியம் இருக்கும்போது சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் என்ன என்று ஒருநாள் அதிகாரியிடம் போனார். அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதுகில் தட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பக்கத்து மேஜைக்காரருடைய லெட்ஜரும் நண்பருடைய மேஜைக்கு வந்து சேர்ந்தது. சம்பள விஷயம்? "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"இனிமேல் நானும் ஐந்தரை மணி வரைக்கும் இழுத்துக்கொண்டுதான் இருக்கப்போகிறேன், சார்!" என்றார் நண்பர்.

அதைக் கேட்டபோது எனக்கு ஓர் அமெரிக்கக் கூலிக்காரரின் ஞாபகம் வந்தது. கூடுதல் கூலிக்காகக் கூடுதலாக உழைத்தவர்களில் உலகத்திலேயே பெயர் பெற்றவர் அவர்தான். ஆனால் ஷ்மிட் என்கிற அந்தப் பெயர் அவருடையது அல்ல. அது அவரைப் பற்றி எழுதியவர் சூட்டிய பெயர். எழுதியவர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

டெய்லர் சாதாரண ஆசாமி இல்லை. பிலடெல்பியா நகரத்தில் வசதியான குடும்பத்தில் 1856-ல் பிறந்தவர். ஹார்வர்டில் சேருவதற்கான பரீட்சையில் தேறியும், கண் கோளாறினால் அங்கே போகாமல், பட்டறையில் தொழில் பழகப் போனார். 1881-ல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் போட்டியில் ஜெயித்தவரும் இவர்தான். பந்தாட்டத்திலும் சரி, பட்டறையிலும் சரி, ஒரு வீண் அசைவைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

1878-ல் மிட்வேல் எஃகுத் தொழிற்சாலையில் கூலியாளாகச் சேர்ந்து சீக்கிரத்திலேயே மேஸ்திரி ஆனார். அங்கேதான் என் நண்பர் கண்டுபிடித்த ரகசியத்தை அவரும் கண்டார். கடைசல் வேலைக்காரர்கள் எல்லாரும் செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் செய்தார்கள். ஏன்? சாமானுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவன் பத்துச் சாமான் கடைந்து ஒரு டாலர் சம்பாதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டப்பட்டுப் பதினைந்து கடைந்தால் ஒன்றரை டாலர் வரும். இரண்டு வாரம் வரும். மூன்றாவது வாரம் முதலாளி பார்ப்பார்: "ஓகோ, இவனால் பதினைந்து முடிகிறதா?" உடனே சாமானுக்கு இருந்த விலையைக் குறைத்துவிடுவார். பிறகு பதினைந்து கடைந்தாலும் கிடைப்பது பழைய ஒரு டாலர்தான். ஒருதரம் இப்படிச் சூடுபட்டவன் மறுபடியும் பதினைந்து கடைவானா? தன் பக்கத்தில் இருப்பவனையும் கடைய விடமாட்டான்.

டெய்லர் அவர்களோடு இரண்டு மூன்று வருஷம் மல்லுக்கட்டினார். அவர் கூலியை வெட்டினார். அவர்கள் இயந்திரத்தை உடைத்துவிட்டு, "நீர் ஓட்டச் சொன்ன வேகத்தினால் உடைந்தது" என்றார்கள். அவர் அபராதம் போட்டார். கடைசியில் ஜெயித்தது அவர்தான். ஆனால், அந்தத் தொழிலாளிகளின் இடத்தில் தாம் இருந்திருந்தால் தாமும் அப்படித்தான் செய்திருப்போம் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். இதை நான் டெய்லருடைய கணக்கில் வரவாகவே எழுதுகிறேன். நடுத்தெருவில் நின்றுகொண்டு, கூலிக்காரனைச் சோம்பேறி என்று திட்டுவது எத்தனை சுலபம்!

அவர் கண்ட பரிகாரம், ஒரு மனிதன் ஒரு நாளில் நியாயமாக எவ்வளவு செய்ய முடியும் என்பதை ஸ்டாப் வாட்சை வைத்து அளந்துவிடுவது. அளந்த அளவைச் செய்தால் நல்ல கூலி. பிறகு அதைக் குறைக்கக் கூடாது. சொல்லுக்கு என்ன குறை? பிரமாதமாகத்தான் இருக்கிறது.

1899-ல் பென்சில்வேனியாவில் பெத்லெஹேம் இரும்பு ஆலையில் இதைப் பரீட்சை பார்த்தார்கள். ஸ்பெயினோடு நடந்த யுத்தத்தினால் இரும்பு விலை ஏறியிருந்தது. திறந்த வெளியில் கிடந்த இரும்புப் பாளங்களை ரயில் வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு பாளம் 92 ராத்தல். நம் கணக்கில் ஏறக்குறைய 42 கிலோ. குனிந்து எடுத்து, சாய்வுப் பலகையில் ஏறி, வண்டிக்குள் போட்டுவிட்டு இறங்கி வரவேண்டும். ஒரு கூலியாள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். கூலி ஒரு டாலர் பதினைந்து சென்ட்.

டெய்லர் சொல்லும் கதை இது. தேடித் தேடி ஷ்மிட்டைப் பிடித்தார்களாம். சின்ன ஆள், சிக்கனக்காரர். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு மைல் தூரம் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவாராம். சின்னதாக ஒரு நிலம் வாங்கி, காலையில் வேலைக்கு வருவதற்கு முன்பும் மாலையில் திரும்பிய பின்பும் தம் கையாலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாராம். அவரிடம், ஒரு டாலர் எண்பத்தைந்து சென்ட் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அப்படியானால் இந்த மனிதர் எடு என்றால் எடுக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஷ்மிட் நாற்பத்தேழரை டன் ஏற்றிவிட்டார்.

நானும் காகிதத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழு டன் என்றால் ஏறக்குறைய 1,144 பாளம். பத்து மணி நேர வேலையில் அரை நிமிஷத்துக்கு ஒன்று. வேலை நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருகியது. கூலி? நூற்றுக்கு அறுபது உயர்ந்தது. முன்பு ஒரு டன்னுக்குக் கூலி ஒன்பது சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். இப்போது நாலு சென்ட்டுக்கும் குறைவு! விலையைக் குறைக்கக் கூடாது என்று சொன்னவர்தான், எடுத்த எடுப்பிலேயே பாதிக்குமேல் குறைத்துவிட்டார். ஷ்மிட்டின் கைக்குக் காசு அதிகம் வந்ததனால் அது குறைப்பாகத் தெரியவில்லை.

ஏன் அறுபதோடு நிறுத்தினார் என்பதற்கு டெய்லர் காரணம் சொல்லியிருக்கிறார். அறுபது சதவிகிதம் வரைக்கும் கூட்டினால் கூலிக்காரன் சிக்கனமாக, ஒழுங்காக இருப்பானாம். அதற்குமேல் போனால் வேலைக்கு ஒழுங்காக வரமாட்டான், ஊதாரியாகிக் கெட்டுப்போவானாம். எத்தனை சதவிகித லாபத்துக்கு மேல் போனால் முதலாளி கெட்டுப்போவார் என்பதற்கும் ஓர் அளவு எடுத்திருந்தால் நமக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

1911-ல் இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வந்தபோது இதே கணக்கைப் போட்டுக் கேட்டவர் ஒரு நாவலாசிரியர், அப்டன் சிங்க்ளேர். சிகாகோ மாமிசத் தொழிற்சாலைகளின் நாற்றத்தை 'தி ஜங்கிள்' நாவலில் உலகத்துக்குக் காட்டியவர். நாலு பங்கு வேலைக்கு ஒன்றரைப் பங்கு கூலிதானா, மிச்சம் யாருக்கு என்பது அவர் கேள்வி. மிச்சம் முதலாளிக்கு மட்டும் அல்ல, சாமான் மலிவாகி ஊர் ஜனங்கள் எல்லாருக்கும் போகிறது என்று டெய்லர் பதில் எழுதினார். அதில் கொஞ்சம் உண்மை இல்லாமலும் இல்லை. இன்று நாம் மலிவாக வாங்குகிற எத்தனையோ சாமான்களுக்குள் ஒரு ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஷ்மிட்டின் தோள் வலியை ஊர் ஜனங்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லையே!

இன்னொரு விஷயமும் உண்டு. அதே ஆலையில் மண்வாரி வேலையையும் டெய்லர் அளந்தார். ஒரு வாரலுக்கு 21 ராத்தல்தான் சரியான எடை என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி மண்வாரி கொடுத்தார். கெட்டிக்கார வேலை, சந்தேகமே இல்லை. முடிவில் 400 முதல் 600 பேர் வரை இருந்த இடத்தில் 140 பேர் போதும் என்று ஆயிற்று. அந்த 140 பேருக்குச் சம்பள உயர்வு கிடைத்தது. மற்றவர்களும் இந்தச் சரித்திரத்தில் உண்டு, கழித்த எண்ணாக.

1911 ஆகஸ்டில் பாஸ்டனுக்கு அருகே வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதசாலையில் வார்ப்படக்காரர் ஒருவர், தம் பின்னால் ஸ்டாப் வாட்சோடு ஆள் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரை நீக்கினார்கள். மற்றவர்களும் வெளியே நடந்தார்கள். விஷயம் அமெரிக்கப் பார்லிமெண்டு வரைக்கும் போயிற்று. 1912 ஜனவரியில் டெய்லரையே கூப்பிட்டுக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். அவர் காலமான 1915-ம் வருஷத்திலேயே, ராணுவத் தொழிற்சாலைகளில் அந்தக் கடிகாரத்துக்குச் சட்டம் தடை போட்டது.

இது முதலாளிகள் இருக்கிற தேசத்து வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். சோவியத் நாட்டில் 1935 ஆகஸ்டு 31-ல் ஸ்டக்கானவ் என்ற சுரங்கத் தொழிலாளி ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று கொண்டாடினார்கள். தாங்கு கட்டை நிறுத்துகிற வேலைக்கு வேறு ஆட்களை வைத்துக்கொடுத்து ஏற்பாடு செய்த சாதனை அது. படம் வந்தது, பரிசு வந்தது. மறு வருஷமே மற்றச் சுரங்கக்காரர்கள் வெட்டவேண்டிய அளவும் உயர்ந்தது.

ஷ்மிட்டுக்கு வருவோம். அவருடைய நிஜப் பெயர் ஹென்றி நோல். 1974-ல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பழைய காகிதங்களைக் கிளறிப் பார்த்து, டெய்லர் சொன்ன கதையில் பாதி கைச்சரக்கு என்று காட்டினார்கள். முதலில் பலசாலிகளாகப் பொறுக்கி எடுத்த ஆட்களைக் கொண்டு, ஒரு வண்டியை மூச்சுவிடாமல் ஏற்றச் சொல்லி, அந்த வேகத்தை நாள் முழுவதற்கும் பெருக்கி, களைப்புக்காக நூற்றுக்கு நாற்பதைக் கழித்திருக்கிறார்கள். ஏன் நாற்பது? முப்பதாகவோ ஐம்பதாகவோ ஏன் இருக்கக் கூடாது? விஞ்ஞானம் என்று பேர் வாங்கிய அளவு அப்படிப் பிறந்தது. அந்த ஆட்கள் புதிய கூலி முறையை ஒப்புக்கொள்ள மறுத்து வேலையை இழந்தார்கள். அதன் பிறகு வந்தவர்களில் தாக்குப்பிடித்தவர் நோல்.

டெய்லரோ 1901-லேயே பெத்லெஹேமிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதிவேக எஃகுக்கு அவர் கண்டுபிடித்த பக்குவம் நிறையப் பணம் தந்தது. அதற்குப் பிறகு அவர் கூலிக்கு வேலை செய்யவில்லை.

ஷ்மிட் உழைத்து உழைத்தே செத்துப்போனார் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. டெய்லருக்குப் பொறுக்கவில்லை. ஆள் அனுப்பித் தேடச் செய்தார். நோல் உயிரோடுதான் இருந்தார். டாக்டரை விட்டுப் பரிசோதித்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோல் அதற்கப்புறமும் பல வருஷம் இருந்து 1925-ல் காலமானார்.

டெய்லரின் புத்தகத்தில் டன் கணக்கு இருக்கிறது, சென்ட் கணக்கு இருக்கிறது, கையில் பாளம் இல்லாமல் இருக்க வேண்டிய நேரம்கூட நூற்றுக்கு 57 என்று இருக்கிறது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் அந்த மனிதர் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த வீடு முடிந்ததா, நாற்பத்தேழு டன் ஏற்றிவிட்டு வந்த பிறகும் அவர் அந்த ஒரு மைலைத் துள்ளிக்கொண்டுதான் கடந்தாரா என்பது மட்டும் அதில் இல்லை.