ஏலக்காய் மூட்டையும் வருகைப் பதிவேடும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், ரிட்டயர் ஆன பிறகாவது நாலு சிரிப்புப் படம் பார்க்கலாமே. மனசைப் பிசையிற படமாத் தேடித் தேடி ஏன் பாக்குறீங்க?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2018 ஆகஸ்ட் 24-ஆம் தேதி 'மேற்குத் தொடர்ச்சி மலை' படம் வெளியானது. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்த படம். இசை நம் பண்ணைப்புரத்து இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். நம் மலையைப் பற்றிய படம் என்று ஆசையாகப் போனேன். தியேட்டரில் கூட்டம் இல்லை. ஒருவன் மலை ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். சண்டை இல்லை, பெரிய வசனம் இல்லை. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, "கதையே இல்லை" என்றேன்.

2020 ஊரடங்கில் பேத்தி லேப்டாப்பில் அதே படத்தைப் போட்டாள். எழுந்து போக வெளியில் இடமும் இல்லை. இந்தத் தடவை முழுதாகப் பார்த்தேன். பார்த்து முடித்து அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

முடிவு வரைக்கும் கதையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். முடிவு தெரிந்த கதைகளைத்தான் 34 வருடம் உங்களுக்கு வரலாறாக நடத்தினேன்.

ரங்கசாமி நிலமில்லாத கூலி. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குகிறவன். துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கூலியில் மிச்சம் பிடித்துச் சேர்க்கிறான். ஒரு தடவை கை கூடி வருகிற நேரத்தில் மூட்டை பள்ளத்தில் உருண்டு, காயெல்லாம் சிதறிப் போகிறது. அதையும் தாண்டி ஒரு வழியாக நிலம் வருகிறது. தொழிற்சங்கத் தகராறில் அவன் சிறைக்குப் போகிறான். விதைக் கடனும் உரக் கடனும் நிலத்தை விழுங்குகின்றன. கடைசியில் அதே மண்ணில் காற்றாலை சுழல்கிறது. அதன் அடியில் காவலாளிச் சட்டை போட்டுக்கொண்டு ரங்கசாமி உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே மேலே போகப் போக அவன் புள்ளியாகிவிடுகிறான்.

இந்த முடிவைப் பார்த்ததும் எனக்கு 1953-இல் வந்த பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' நினைவுக்கு வந்தது. பால்ராஜ் சாஹ்னி நடித்த படம். 1954-இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதிலும் இரண்டு பீகா நிலத்தைக் காப்பாற்ற ஓர் உழவன் போராடுகிறான், கல்கத்தா போய் கை ரிக்‌ஷா இழுக்கிறான். திரும்பி வரும்போது அவன் நிலத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவலாளி அதட்டி, அதையும் கீழே போட வைக்கிறான்.

இரண்டு படத்துக்கும் நடுவில் 65 வருடம். அந்தப் படத்தில் உழவனை விரட்டக் காவலாளி என்று வேறொருவன் இருந்தான். நம் மலைப் படத்தில் உழவனே காவலாளி. விரட்ட ஆள்கூடத் தேவைப்படவில்லை. அந்த 65 வருடத்தில் என்ன நடந்தது என்று பரீட்சையில் கேட்டால், இந்த இரண்டு கடைசிக் காட்சிகளையும் அடுத்தடுத்துக் காட்டுவதே விடை.

இதே வரிசையில் பாலாவின் 'பரதேசி'யையும் வைக்க வேண்டும். 2013-இல் வந்தது. வால்பாறைப் பக்கத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, அங்கே தொழிலாளர்களுக்காக நின்ற பி.எச். டேனியல் 1969-இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்தார். அதிலிருந்து பிறந்த படம் அது. கடைசியில் தோட்டத்தைவிட்டுத் தப்ப முடியாத ராசா பாறைமேல் உட்கார்ந்து அழும்போது, கீழே புதிதாக வருகிற கூலிக் கூட்டத்தில் அவன் மனைவியும் குழந்தையும் வருகிறார்கள். அந்தக் காட்சியைத் தாங்கிக்கொள்வது லேசான காரியம் இல்லை.

அது தேயிலை. நம்முடையது ஏலக்காய். ஏலச் செடியில் காய் உச்சியில் தொங்காது. அடியில், தரையை ஒட்டி ஓடுகிற சரத்தில் காய்க்கும். அதனால் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குத்தவைத்து, குனிந்தபடிதான் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கு நம் ஊர் ஏலத்தில் என்ன விலை போனது என்று நம் எல்லோருக்கும் தெரியும். குனிந்த முதுகுக்கு என்ன விலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மலையை வரலாற்றுப் பாடமாக நான் நடத்தியதும் அப்படித்தான். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கியதைச் சொல்வேன். 1928-இல் போடிக்கு ரயில் வந்ததைச் சொல்வேன். மாநில மறுசீரமைப்பில் 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனதை ஒரு மதிப்பெண் விடையாகக் கொடுப்பேன். தேயிலைக்குக் கம்பி இருந்தது, சரக்குக்கு ரயில் இருந்தது. சாலை எட்டாத தோட்டத்து ஏலக்காய்க்கு மனிதத் தலைதான் இருந்தது என்பதை மட்டும் நான் சொன்னதே இல்லை. எல்லைக்கோடு போட்டது 1956-இல். அந்தக் கோட்டைத் தாண்டி விடியக்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு காய் எடுக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

1989 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகஸ்ட் மாதம் காய் எடுப்பு சூடுபிடித்தால் ஆள் வர மாட்டான். வருகைப் பதிவேட்டில் வரிசையாக 'வ.இ' போடுவேன். ஒரு திங்கட்கிழமை வந்து நின்றான். காரணம் கேட்டேன், வாய் திறக்கவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "நீ மூட்டை தூக்கத்தான்டா லாயக்கு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். உங்களில் சிலரும் அன்று சிரித்தீர்கள். மறுநாள் அவன் வரவில்லை. மறு வருடமும் வரவில்லை. சிவப்பு மையால் பெயரை அடித்தேன்.

படத்தில் அந்த மூட்டை பள்ளத்தில் உருண்டபோது எனக்கு ரங்கசாமி தெரியவில்லை, அந்தப் பையன் தெரிந்தான். 2018-இல் நான் எழுந்து வந்ததற்குக் காரணம் கதை இல்லாதது அல்ல. கதை எங்கே போகிறது என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு விசாரித்துத் தேடிப் போனேன். முந்தல் பக்கம் ஒரு டீக்கடையில் கிடைத்தான். தலை நரைத்திருந்தது. ஜீப் ஓட்டுகிறான், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். அதுவே என்னைக் கொன்றது. அந்த வருடம் அப்பாவுக்கு இடுப்பு விழுந்துபோய், அவர் சுமையை இவன்தான் இறக்கினான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நீங்க சொன்னீங்கன்னு நான் நிக்கல. வீட்ல அரிசி இல்லன்னு நின்னேன்" என்றான். அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேச்சு மாற்ற, அந்தப் படம் பார்த்தாயா என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்கப்பா பட்டதை நான் எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்? நீங்க பாருங்க சார். உங்களுக்குத்தான அது தெரியாது."

கோபமாகச் சொல்லவில்லை. டீயை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னான்.

போனில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான் அம்மா. கனமான படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்று எனக்கு அந்த டீக்கடையில்தான் புரிந்தது. சுமந்தவனுக்கு அது தேவையில்லை, அவன் தோளிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே இருந்து பார்க்காமல் போனவனுக்குத்தான் அது தேவை. இரண்டு மணி நேரம் எழுந்து போகாமல் உட்காருவது, பதிவேட்டில் 'வ.இ' போட்ட இடத்தில் ஒரு தடவையாவது "ஏன்ப்பா வரல?" என்று உண்மையாகக் கேட்பதற்குச் சமம். அழுகிறோமா இல்லையா என்பது பெரிதல்ல. படம் முடிந்த பிறகு யாரைத் தேடிப் போகிறோம் என்பதே முக்கியம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியராக இருக்கிறீர்கள். ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறவர்களும், தோட்டம் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். இந்த மூன்று படங்களையும் ஒரு தடவை பாருங்கள். நடுவில் எழத் தோன்றினால், எந்தக் காட்சியில் எழத் தோன்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் இருக்கும்.

அவனுடைய மகள் இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். என் பழைய புத்தகங்கள் இரண்டு அட்டைப்பெட்டி அவள் வீட்டுக்குப் போயிருக்கின்றன. ஜீப்பில் அவனே வந்து ஏற்றிக்கொண்டு போனான். பெட்டியைத் தூக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்
போடிநாயக்கனூர்